நூற்றுத் தொண்ணூறு கிராம் ஷூ

ஷ்வாபாக்,
ஜூலை 9

அன்பு மரைக்கே,

வெலிங்டன் குளிரில் இருமாமல் தும்மாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் அப்பா கட்டுப் போட்ட காலைச் சோபாவில் நீட்டிக்கொண்டு கிடக்கிறார். குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. போனில் அவர் உன்னிடம் 'சின்னச் சுளுக்கு' என்று சொன்னதெல்லாம் பொய்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். 'லேசான ஷூ போட்டா அஞ்சு நிமிஷம் மிச்சம்ப்பா' என்று அங்கிருந்து ஏற்றிவிட்டது நீதானே. மறுநாளே இந்த மனிதர் நான் மாவு நிறுக்கும் தராசில் ஷூவை வைத்துப் பார்க்கிறார். நூற்றுத் தொண்ணூறு கிராமாம், பழசு முந்நூறாம். கிளப்பிலிருந்து ரூடிகர் வேறு வந்து, 'இது ஷூ இல்லய்யா, காலுக்குச் சட்டை' என்று மெச்சிவிட்டுப் போனான். ஏற்கெனவே குதிகாலில் வீக்கம், மெத்தை இல்லாத ஷூ ஆகவே ஆகாது என்று பிசியோ பெண் தலைதலையாக அடித்துக்கொண்டாள், நானும் மூன்று வாரம் கத்தினேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

உனக்கே தெரியும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த இந்தப் போட்டியில் ஓட்டச் சாமான் பையை முந்தின நாளே ஒப்படைத்துவிட வேண்டும், அப்புறம் சைக்கிளை விட்டு இறங்கும்வரை யாரும் தொட முடியாது. சனிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். புது ஷூவோடு வந்த சாம்பல் நிறத் துணிப்பையை ஓட்டப் பையிலிருந்து எடுத்துவிட்டு, அலமாரியில் கிடந்த பழைய ஷூவின் நீலப் பையை வைத்தேன். திறந்து பார்க்கவில்லை. பேக்கரியில் நாற்பது வருடம் கையாலேயே மாவு எடை சொன்னவள் நான், அன்றைக்கு அவசரத்தில் கனம்கூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் காலில் அதே புது ஷூ. 'வியாழக்கிழமையே பழசை எடுத்து வெச்சுட்டேன் ஹெடி, நீ சொன்னதுதான் சரின்னு பட்டுச்சு. ஜெயிச்சுட்டேன்னு நீ சிரிப்பியேன்னு புதுப் பைக்குள்ள போட்டு மறைச்சேன், புதுசைப் பழைய பையில திணிச்சேன். எப்படி மாறுச்சுன்னே தெரியல' என்கிறார். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறார், மரைக்கே. அதையும் நானே கெடுத்தேன்.

கால் கூடிவிடும் என்கிறார் டாக்டர். என்னால் தாங்க முடியாதது வேறு. 'எந்தப் பையில எதை வெச்சேன்னே ஞாபகம் இல்ல, எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது' என்று நேற்று சொன்னார். கிளப்பிலிருந்து விலகுகிறேன் என்று எழுதி வைத்திருக்கிறார். இனி வண்டியும் ஓட்ட மாட்டாராம், கார்ச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். நான் அதை வாங்கி வைத்துவிட்டுச் சூப்பைக் கிளறிக்கொண்டு நின்றேன். என்னை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது.

நீ ஷூ வாங்குவதானால் சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது சாக்ஸ் இல்லாமல் போட்டுப் பார்த்து வாங்கு. எடை குறையட்டும் என்று பின்பக்கத்து வாரை வெட்டித் தொலைக்காதே. கடவுள் உன்னையும் உன் கால்களையும் காக்கட்டும்.

இதை ஒட்டியதும் கூடத்துக்குப் போய் அவரிடம் சொல்லிவிடத்தான் நினைக்கிறேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். அதனால் கடிதம் கிடைத்த அன்றே போன் செய். அவர்தான் எடுப்பார். 'அம்மா சொல்லிட்டாங்களாப்பா' என்று கேள்.

உன் அம்மா,
ஹெட்விக்