ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

மார்ச் 4
காலை ஆறு மணிக்கு முதல் திருகல். என் மனைவியின் கீழ்க்காலைச் சுற்றி மூன்று இரும்பு வளையங்கள். லேத்துப் பட்டறையில் செய்தவை, வாங்கிப் போட இங்கே வசதி ஏது? விபத்தில் நொறுங்கிச் சீழ் வைத்த எலும்பில் நாலு சென்டிமீட்டர் வெட்டி எடுத்தாயிற்று. மேல் எலும்பில் ஒரு துண்டைப் பிரித்து நடு வளையத்தோடு கோத்திருக்கிறார்கள். நட்டுகளைத் திருகித் தினம் ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கினால், பின்னால் புது எலும்பு வளருமாம். தவறினால் காலையே எடுக்க வேண்டியதுதான். திருகுவது நான். ஒரு நாளைக்கு நாலு தடவை.

"வலப்பக்கமா திருகணும் ஐயா" என்றாள் நர்ஸ். எழுதி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு திருகலுக்கும் டிக் போடக் கட்டமும் போட்டாயிற்று.

மார்ச் 5
ஒவ்வொரு திருகலுக்கும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். "எனக்கு வலிக்கல. உங்களுக்குத்தான் வலிக்குது போல" என்கிறாள்.

மார்ச் 8
வீட்டில் வெளிச்சத்துக்காகக் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். இனி அவள் தலைப்பக்கம் உட்கார்ந்துதான் திருக வேண்டும்.

மார்ச் 11
ஸ்கேல் வைத்து அளந்தேன். நடு வளையம் ஏழு மில்லிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். ஒன்றுதான் இறங்கியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பாதப்பக்கம் நின்று கற்றேன். இங்கே தலைப்பக்கம். எனக்கு வலம், நட்டுக்கு இடம். மூன்று நாளாக எலும்பைத் திரும்ப மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டத்தில் பன்னிரண்டு டிக்கும் ஒழுங்காக இருக்கின்றன. என்ன காரியம் செய்துவிட்டேன்? பேசாமல் திருப்பிச் சுற்றிவிட்டால்— சீ.

சொன்னேன். "முப்பது வருஷம் ஊரான் நிலமெல்லாம் அளந்தீங்க. பொண்டாட்டி கால்ல எல்லைக்கல்ல மாத்தி நட்டுட்டீங்களே." சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

"அழுதது போதும். வண்டி கூப்பிடுங்க."

மார்ச் 12
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ஃபிலிம் தீர்ந்துபோயிருந்தது. டாக்டரம்மா என் அளவுகளை வைத்தே கணக்குப் போட்டார். "பிஞ்சு எலும்புதான், கொஞ்சம் அமுங்கியிருக்கும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா ஒட்டிப்போயிருக்கும், மறுபடி வெட்டணும். எந்தப் பக்கம் நின்னு திருகணும்னு நாங்களும் சொல்லலையே சார்." லேத்துக்காரரிடம், இனி எல்லா வளையத்திலும் அம்புக்குறி வெட்டச் சொன்னார்.

ஏப்ரல் 21
துண்டு கீழ் எலும்பைத் தொட்டுவிட்டது. படத்தில் அதன் பின்னால் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. அதுதான் புது எலும்பாம்.

ஆகஸ்ட் 2
புது எலும்பு இறுகும்வரை வளையங்கள் இருக்க வேண்டுமாம். திருக ஒன்றுமில்லை. ஆனாலும் ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

நவம்பர் 3
வளையங்களைக் கழற்றினார்கள். ஊன்றுகோலோடு நாலு எட்டு. "பின்னாடியே வராதீங்க, நிழல் மாதிரி" என்று அதட்டல்.

ஜனவரி 17
எனக்குக் காய்ச்சல். அடுக்களையிலிருந்து ஒரு கையில் வெந்நீரும் மறு கையில் மாத்திரையுமாக வந்து, "எழுந்திரிங்க" என்றாள். விழுங்கிய பிறகுதான் தோன்றியது: எதை ஊன்றிக்கொண்டு வந்தாள்?