பெட்ரோல் பைப்பில் ஒரு முடிச்சு

பெரம்பலூர்
18.4.84

அன்புள்ள அரியமுத்துவுக்கு,

அய்யம்பெருமாள் எழுதுவது. இங்கே வேம்புவும் பிள்ளைகளும் சுகம். நீயும் இருசம்மாளும் எப்படி இருக்கிறீர்கள், உன் கண் ஆபரேஷன் ஆறிவிட்டதா என்று எழுது. இங்கே சுகமில்லாதது நீ விற்ற வண்டி ஒன்றுதான்.

கோபமாகத்தான் எழுதுகிறேன், படித்துக்கொள். ஒரே லாரியில் மாற்றி மாற்றிச் சுண்ணாம்புக்கல் ஏற்றினவர்கள் நாம். வண்டியில் இன்ன குறை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? காலையில் நன்றாக ஓடுகிறது. வெயில் ஏறினால் நடுரோட்டில் உட்கார்ந்துகொள்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனேன். குன்னம் தாண்டி நின்றுவிட்டது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கைப்பிள்ளைக்காரி முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு நின்றாள். அவள் மாமியார் என்னைப் பார்த்து, "இது காராய்யா, இல்ல தள்ளுவண்டியா?" என்று கேட்டாள். அவள் கேட்டதை எவனோ டாக்சி ஸ்டாண்டில் வந்து சொல்லிவிட்டான். இப்போது என் பேரே தள்ளுவண்டி. சவாரி வந்தால் பக்கத்து வண்டியைக் கைகாட்டுகிறார்கள்.

இதை நம்பித்தான் லாரி வேலையை விட்டேன். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாயா, ஒரு வழி சொல்கிறாயா?

அய்யம்பெருமாள்


அரியலூர்
23.4.84

அன்பு அய்யம்பெருமாளுக்கு,

கடுதாசி கிடைத்தது. அதை இருசம்மாளுக்குப் படித்துக் காட்டவில்லை. அவ்வளவு சூடு ஆகாது உனக்கு.

கண் ஆறிவிட்டது. ஆனாலும் வலது கண்ணில் புகை போட்ட மாதிரிதான் தெரிகிறது. இனி ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் விற்றேன், உன்னை ஏமாற்ற அல்ல.

எனக்கும் அது நிற்கும். பழைய வண்டி, வெயிலுக்கு அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்பு வெறும் காற்றை இழுக்கும். ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டுவிட்டு, தள்ளிப் போய் ஒரு பீடி குடித்துவிட்டு வந்தால் கிளம்பிவிடும். நீ பீடியை விட்டுவிட்டாய், பொறுமையும் கூடவே போய்விட்டது.

டேங்கிலிருந்து முன்னால் வரும் பைப், சைலன்சர் குழாயை ஒட்டாமல் வருகிறதா என்று ஒருதரம் பார். நான் குனிந்து பார்த்ததில்லை, பொய் சொல்லமாட்டேன்.

இருசம்மாள்தான் சரியில்லை. வண்டி போன நாளிலிருந்து சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். கேட்டால், "வண்டி போயிடுச்சுல்ல" என்கிறாள். அவள் அதில் ஏறினதே நாலு தடவை இருக்காது.

அரியமுத்து


பெரம்பலூர்
30.4.84

அரியமுத்துவுக்கு,

பார்த்தேன். பானெட்டைத் திறந்து, லைட்டடித்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

பைப் மட்கார்டை ஒட்டித்தான் மேலே வர வேண்டும். உன் வண்டியில் அதைச் சைலன்சர் பக்கம் இழுத்து, அங்கே இருக்கும் இரும்புப் பட்டையோடு சேர்த்து யாரோ சணல் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். சைலன்சர் சூடு முழுக்க பைப்பில் ஏறுகிறது. அங்கே ஒட்டுப் போட்டிருந்த ரப்பர் டியூப் அப்பளமாக நொறுங்குகிறது. ஒரு சொட்டு பெட்ரோலும் கசிந்து நிற்கிறது. நின்றதோடு போச்சு. தீப்பிடித்திருந்தால் அந்தக் கைப்பிள்ளைக்காரிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

சரி, அவிழ்க்கலாம் என்று கையை வைத்தேன். சணலுக்கடியில் எண்ணெயில் ஊறிப்போன பழந்துணி என்று நினைத்தது, துடைத்துப் பார்த்தால் மஞ்சள் துணி. உள்ளே வட்டமாக ஒரு காசு. வேண்டுதல் முடிச்சு! கையைச் சட்டென்று எடுத்துவிட்டேன். வேம்பு பார்த்துவிட்டு, "ஏங்க, யாரு முடிஞ்சதோ என்னமோ, கேக்காம தொடாதீங்க" என்று பயந்துபோனாள். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டேன். சவாரி இல்லை. இது யார் வேலை? சீக்கிரம் எழுது, இங்கே அடுப்பெரிய வேண்டும்.

அய்யம்பெருமாள்


அரியலூர்
6.5.84

அய்யம்பெருமாளுக்கு,

இருசம்மாளிடம் கேட்டேன். அழுதாள். அவள்தான் முடிந்திருக்கிறாள், சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு. அவன் வீட்டை விட்டுப் போன வாரத்தில். அவள் பெற்றவனைத்தான் சொல்கிறேன். ஆறு வருஷமாகிறது.

சாமி மாடத்தில் வைக்க வேண்டியதை வண்டிக்குள் எதற்குக் கட்டினாய் என்று கத்தினேன். அதற்கு அவள், "நான் எங்க போயித் தேடுவேன்? வண்டிதானே ஊரு ஊராப் போவுது. ஆத்தா அதுல உக்காந்து புள்ளையப் பாத்துக்கிட்டே வரட்டும்னு முடிஞ்சேன்" என்றாள். ஆட்டத்தில் விழுந்துவிடக் கூடாதென்று சணல் போட்டாளாம். வண்டி கைமாறும்போது சொல்லப் பயம். யார் ஓட்டினால் என்ன, ஓடினால் போதும் என்று இருந்திருக்கிறாள்.

நீ அதை அவிழ்த்து எறிந்துவிட்டு வேலையைப் பார். அவளுக்குத் தெரிய வேண்டாம். ஒரு கடுதாசி போடாதவனுக்கு முடிச்சு என்ன, காசு என்ன? அவன் பேரை எனக்கு எழுதாதே.

அரியமுத்து


பெரம்பலூர்
15.5.84

அன்புள்ள அரியமுத்துவுக்கு,

எழுதத்தான் செய்வேன். தர்மன். தர்மன். கோபம் வந்தால் பஸ் ஏறி வந்து என்னை அடி. மட்கார்டு நசுங்கியதற்காக அந்தப் பிள்ளையை ஸ்டாண்டில் எல்லார் எதிரிலும் செருப்பால் அடித்தாயே, அந்த மாதிரி அடி.

முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. முடிந்தவள் இருக்கும்போது அவிழ்க்க நான் யார்? பெற்றவள் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொண்டு வண்டி ஓட்ட என்னால் முடியாது.

செய்தது இதுதான். முடிச்சோடும் பட்டையோடும் அந்தத் துண்டு பைப்பை அப்படியே அறுத்தெடுத்தேன். புதுச் செம்புப் பைப் வாங்கி, அடியிலிருந்து மட்கார்டை ஒட்டியே மேலே ஏற்றினேன். சைலன்சருக்கும் அதற்கும் இப்போது ஒரு சாண் இடைவெளி. ஆடாமல் இருக்க கிளிப் அடித்தேன். இஞ்சின் குலுங்கும், பாடி குலுங்காது. அதனால் பைப் பாடியிலிருந்து பம்புக்குத் தாவுகிற இடத்தில் மட்டும் பெட்ரோலுக்கென்று விற்கிற புது ரப்பர் டியூப். நேற்று உச்சி வெயிலில் பூலாம்பாடிக்கு ஆறு பேரை ஏற்றிப் போய்த் திரும்பினேன். எங்கும் நிற்கவில்லை. வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள் என்று சொன்னதை மறந்துவிடு. ஈரத்துணியை நீயே வைத்துக்கொள், புகை படிந்த கண்ணைத் துடைக்க ஆகும்.

அறுத்த துண்டைப் பானெட்டுக்குள்ளேயே, சூடு படாத டிரைவர் பக்கத் தகட்டில் திருகி வைத்திருக்கிறேன். முடிச்சு முடிச்சாகவே இருக்கிறது. இருசம்மாளிடம் சொல்.

நான் ஆத்தூர், நாமக்கல், சேலம் என்று போகிறேன். லாரி ஷெட்டிலும் டீக்கடையிலும் விசாரிக்கலாம். பதினெட்டு வயசில் போனவனை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? பெற்றவன் நீதானே, எழுது.

அய்யம்பெருமாள்


அரியலூர்
27.5.84

அன்பு அய்யம்பெருமாளுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் கடுதாசியை இருசம்மாளுக்குப் படித்தேன். "அண்ணன் நல்லாருக்கணும்" என்றாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டாள்.

அவன் வீட்டை விட்டுப் போன வருஷத்திலிருந்துதான் வண்டி வழியில் நிற்க ஆரம்பித்தது. அவன் விட்டுப்போன சாபம் என்று நினைத்து, நிற்கும் போதெல்லாம் அவனைத் திட்டியிருக்கிறேன். அவனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடையாளம் கேட்டாய். என் உயரம் இருப்பான், நிறம் அவன் அம்மா நிறம். இடது புருவத்தில் ஒரு வெட்டு, சின்ன வயசில் கிணற்றுப் படியில் விழுந்தது. இடது கையால்தான் ஸ்பானர் பிடிப்பான். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டான், கொஞ்சம் கழித்துத்தான் திரும்புவான். டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை கேட்பான்.

பார்த்தால், அப்பன் கூப்பிட்டான் என்று எடுத்த எடுப்பில் சொல்லாதே, ஓடிவிடுவான். அம்மாவைப் பற்றிச் சொல். சாப்பிட்டானா என்று கேள். கல்யாணம் ஆகியிருந்தால் அந்தப் பெண்ணையும் ஏற்றிக்கொள். அப்பன் என்ன சொல்வான் என்று அவன் கேட்டால், ஒன்றும் சொல்லமாட்டான் என்று சொல். சத்தியமாக ஒன்றும் சொல்லமாட்டேன், அய்யம்பெருமாள்.

எந்த ஊராக இருந்தாலும் வாடகை நான் தருகிறேன். பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடாதே, நடுவில் இறங்கிக்கொள்வான். நீயே கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கிவிடு.

அரியமுத்து