மழைக்குப் போட வேண்டிய மாலை

அண்ணே,

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே:

1. இன்று பஞ்சர் கடையில் பார்த்தது.
2. உங்கள் மேல் எனக்கிருந்த பொறாமை.
3. மில்லில் மின்சாரச் செலவு குறைந்ததற்குக் காரணம் நீங்கள் அல்ல, மழை.

பழங்காநத்தத்தில் என் சைக்கிள் டியூபில் கடைக்காரர் சோப்பு நுரையைத் தடவினார். ஓட்டை இருந்த இடத்தில் குமிழ் ஒன்று எழும்பி நின்றது. நீங்கள் ஓய்வு பெற்றுப் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

வாடிப்பட்டிப் பக்கத்து நூற்பாலையில் நீங்கள் ஃபிட்டர். நான் மீட்டர் பார்த்து நோட்டில் குறிப்பவன். வார விடுமுறையில் எல்லா மெஷினும் நின்ற பிறகும் காற்றை அழுத்திக் குழாயில் அனுப்பும் கம்ப்ரசர் மட்டும் விட்டு விட்டு ஓடும். "எல்லாம் தூங்குது, இது மட்டும் யாருக்குய்யா மூச்சு வாங்குது?" என்று கேட்டபடி, பெயின்ட் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, காற்றுக் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் தடவிக்கொண்டே போவீர்கள். நுரை பொங்கினால் அங்கே கசிவு; அதை ஈடுகட்டத்தான் கம்ப்ரசர் ஓடி மின்சாரம் தின்றது. பல வருடங்களுக்கு முன், சில வாரங்களில் அத்தனையையும் அடைத்தீர்கள்.

அந்த வருடம் ஐப்பசி முடிந்ததும் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"தம்பி, நோட்டு என்ன சொல்லுது?"

"போன மாசத்தை விட மொத்த கரண்ட் நல்லாவே குறைஞ்சிருக்கு சார்."

எல்லோரும் உங்களுக்குக் கை தட்டினார்கள். மழை மாதத்தில் காற்றே ஈரமாக இருக்கும். நூல் அறுகாமலிருக்க ஈரம் ஊட்டும் விசிறிகள் பாதி நேரம் நிற்கும். மொத்த மின்சாரம் குறையத்தான் செய்யும். இது என் தொண்டை வரை வந்தது. சொல்லத் தைரியமில்லை.

வெளியே வந்ததும், "என்ன மீட்டரு, எதையோ முழுங்குன மாதிரி இருந்துச்சே?" என்றீர்கள்.

"ஒண்ணுமில்லண்ணே."

"வடைன்னா எனக்கும் பாதி குடுத்திருக்கலாம்ல!"

சிரித்து வைத்தேன். ஆனால் அந்த மழையை உங்களுக்கு எதிராகப் பத்திரமாக வைத்திருந்தேன். பணி ஓய்வு நாளில் உங்கள் கழுத்தில் மாலை விழுந்தபோதும், இது மழைக்குப் போட வேண்டிய மாலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடையிலிருந்து திரும்பியதும் பழைய நோட்டுகளை எடுத்தேன். விசிறிகளுக்குத் தனி மீட்டர், கம்ப்ரசருக்குத் தனி மீட்டர்; இரண்டையும் குறித்தவன் நானேதான். விசிறிகளை ஒதுக்கிவிட்டு, கம்ப்ரசரின் அந்த ஐப்பசிக் கணக்கை மட்டும் அதற்கு முந்தைய ஐப்பசியோடு ஒப்பிட்டேன். குறைந்திருந்தது. அடுத்து வந்த, துளி மழையில்லாத பங்குனியிலும் அப்படியே குறைந்திருந்தது. அரை மணி நேர வேலை. இத்தனை வருடம் அதைச் செய்யாமல் இருந்தேன். நீங்கள் கசிவை அடைத்ததால்தான் செலவு குறைந்தது என்று ஆகிவிடுமோ என்று பயம்.

இரண்டாவதாக எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது, கொஞ்சமும் குறையவில்லை. மூன்றாவது தவறு, அண்ணே.