பத்தொன்பதாம் தேதியில் ஒரு பெயர்

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவைக் கவனித்துக்கொள்ள ஒரு மணி நேரம் உதவிக்கு வரும் மாய்கே இன்றும் அவரைச் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் உள்ளே நுழைந்தபோது அந்தச் சிரிப்பின் மிச்சம் அவர் முகத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் போய்விட்டது. மாத்திரை நேரமாச்சா, கடிகாரம் சரியா ஓடுதா, நீ திரும்பிப் போறப்ப மழை வருமா என்று ஆரம்பித்துவிட்டார். கை நடுங்குகிறது, நெற்றி வியர்க்கிறது. பார்க்கின்சனோடு பதற்றமும் சேர்ந்தே வரும் என்கிறார் மருத்துவர். வரட்டும். என்னைக் கண்டால் மட்டும் ஏன் வருகிறது?

மார்ச் 5

நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கு அப்பாவிடமிருந்து ஒன்பது அழைப்பு. மாய்கே கூட இருந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

சமையலறை வாசலில் அப்பாவின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. "ஒண்ணும் இல்லப்பா, பயப்படாதீங்க, காலை எடுத்து வைங்க" என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் இறுகிப்போனார். கடைசியில் அவரே சொன்னார், மாய்கே இருந்தால் பாலம் இறக்குவாளாம்.

வாசல்தோறும் தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறாள். அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "பாலம் எறங்கிடுச்சு பாலக்காரரே, தாண்டுங்க" என்பாளாம். இவரும் தாண்டுவாராம். படகுகள் போக முப்பத்தோரு வருடம் வோர்கம் கால்வாய்ப் பாலத்தை ஏற்றி இறக்கியவர் அப்பா, ஒரு படகைக்கூட மறந்து நிறுத்தி வைத்ததில்லை. அவர் பெற்ற மகளுக்குத் தோன்றாதது நேற்று வந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது!

நானும் சொல்லிப் பார்த்தேன். தாண்டினார். ஆனால் சிரிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இந்த ஊரில் எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் பிறந்தநாள் நாட்காட்டி கழிப்பறைச் சுவரில்தான். சொந்தபந்தங்களின் பெயரெல்லாம் நீல மையில் அம்மா எழுதியவை. என் பெயரும் அப்படித்தான். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது, அதன் பிறகு அதில் யாரும் எழுதவில்லை. இன்று பார்க்கிறேன், மார்ச் 19-க்கு நேரே பென்சிலில், எறும்பு ஊர்ந்த மாதிரி, மாய்கே. அப்பாவின் எழுத்து.

அந்த நடுங்கும் கையோடு நின்றுகொண்டு எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? என் பெயரை அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை. எனக்கு வரும் வாழ்த்து அட்டையில்கூட இரண்டு பேர் சார்பிலும் அம்மாதான் எழுதுவாள்.

கைப்பையில் அழிப்பான் இருந்தது.

எழுதவே கூசுகிறது — அழித்துவிட்டேன்.

மார்ச் 11

வயிற்றெரிச்சல் அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

நேற்று மாய்கே கேக்கோடு வந்திருக்கிறாள். இங்கே பிறந்தநாள்காரர்தானே கேக் கொண்டுவர வேண்டும். அப்பா, எதற்கு கேக் என்று கேட்டிருக்கிறார். அவள் போனபிறகு நாட்காட்டியைப் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே ஒன்றும் இல்லை.

இன்று சாயங்காலம் நான் போனபோது சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"எழுதின மாதிரி இருக்கு ஹில்ட்யா. பென்சில் மூணு தடவ கீழ விழுந்தது ஞாபகம் இருக்கு. ஆனா அங்க ஒண்ணும் இல்லியே. கை போச்சு, கால் போச்சு, இப்ப புத்தியும் போகுது. என்னை முதியோர் இல்லத்துல சேர்த்துடு."

அப்படியெல்லாம் இல்லப்பா என்று முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன். கோழை. பாவி. என்ன காரியம்டி பண்ணிட்ட?

மார்ச் 21, சனி

சொல்லிவிட்டேன். நான்தான் அழித்தேன் என்று.

இந்த நோயில் முகம் அவ்வளவாக எதையும் காட்டாது. ஏன் என்று மட்டும் கேட்டார். என் பேரை நீங்க எழுதினதே இல்லியே என்றேன். ஐம்பத்து மூன்று வயதில், ஏழு வயதுக்காரி மாதிரி அழுதேன்.

"அப்ப நான் எழுதினது நெசந்தானே?"

"நெசந்தாம்ப்பா."

பெருமூச்சு விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவ முன்னாடி தைரியசாலியா இருக்கேன். ஒரு மணி நேரந்தான் அப்படி முடியுது. மிச்ச பயத்தையெல்லாம் நான் வேற யாருகிட்ட கொண்டுபோறது?"

பட்டாணி சூப் கேட்டார். கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டார். மாய்கேயிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

மாய்கே வரும் நேரத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியதை மிதிவண்டியில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தேன். அவள் மேலங்கியைக் கழற்றி மாட்டினாள், நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"உன் பொறந்தநாள மறந்துட்டேன் பொண்ணே. வயசாச்சுல்ல, புத்தி மழுங்கிப்போச்சு."

எந்த வார்த்தைக்குப் பயந்து வெள்ளிக்கிழமை சாப்பிடாமல் இருந்தாரோ அதே வார்த்தை. தன் வாயாலேயே சொன்னார். நடுங்கும் கை மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

மாய்கே சிரித்தாள். "எங்கண்ணன் என் பொறந்தநாள வருஷா வருஷம் மறக்கிறான். உங்களுக்கு இது முதல் தடவதானே?" என்றாள்.

நான் எழுந்து அவளுக்குக் கை கொடுத்து வாழ்த்தினேன். பிறகு, வீட்டுப் பெண்ணின் பிறந்தநாள் என்றால் வீட்டாருக்கும் வாழ்த்துச் சொல்வோமே, அந்த முறைப்படி அப்பாவுக்கும் கை கொடுத்தேன். மாய்கேயின் முகம் சிவந்துவிட்டது.

அவள் போனபிறகு கழிப்பறைக்குப் போய், பத்தொன்பதாம் தேதியில் அவள் பெயரை எழுதினேன். கதவுக்கு வெளியே அப்பா வந்து நிற்பது கேட்டது.

"பென்சிலா, பேனாவா?"

"பேனாதாம்ப்பா."