நான் மாற்றிச் சொன்னது

இன்று என் இங்கிலீஷ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகும் உன் மகள் பெஞ்சை விட்டு எழவில்லை. போனை மேசைமேல் வைத்து ஒரு பதிவை ஓடவிட்டாள். நீ பேசினாய். நீ இறந்து எட்டு மாதமாகிறது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். அந்தக் குரலை வேறு யாரும் கேட்டுவிடக் கூடாது என்று தோன்றியது.

அது உன் குரல்தான்; நாற்பது வயதுக்காரியின் குரல் இல்லை. ஹாலிஎலப் பள்ளிக்கூடத்திலிருந்து தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு நடந்து வரும்போது நாம் இருவரும் பேசிக்கொண்டு வந்த அந்த இங்கிலீஷ். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம். இரண்டும் எல்லோருக்கும் விளங்கும். ஒளித்துப் பேச நமக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி. உன் அப்பா படுக்கையில் விழுந்ததும் நீ கொழுந்தெடுக்கப் போனாய். நான் அதையே படித்து டீச்சர் ஆனேன். பிறகு எப்போதாவது நான் இங்கிலீஷில் பேச்சுக்கொடுத்தால், "எனக்கு எதுக்குடி அது? கொழுந்துக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று கூடையை மாட்டிக்கொண்டு நடப்பாய்.

மலையில் மயங்கி விழுந்த உன்னைப் பதுளைக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் கண் விழித்தாய். தமிழ் வரவில்லை, இங்கிலீஷ் மட்டும் வந்தது. மூளையில் ரத்தம் அடைத்தால் சிலருக்கு ஒரு மொழி போய் இன்னொன்று மிஞ்சும் என்று டாக்டர் சொன்னாராம். உன் மகள் போனில் அழுதாள். "டீச்சர், அம்மா என்னமோ பேசுறாங்க. எனக்கு ஒன்னும் வெளங்கல. நீங்க வாங்க."

வந்தேன். என்னைக் கண்டதும் சிரித்து, மணி அடித்துவிட்டதா, வீட்டுக்குப் போகலாமா என்று இங்கிலீஷில் கேட்டாய். மகள் நீ பேசியதையெல்லாம் போனில் பதிந்துகொண்டிருந்தாள். நீ அவள் பக்கம் திரும்பினாய்.

"ஹூ இஸ் திஸ் கேர்ள்?"

அந்த மொழியில் உனக்குப் பதினைந்து வயது. அதில் உனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை பிறக்கவில்லை.

"என்ன கேக்குறாங்க டீச்சர்?"

"நீ சாப்பிட்டியான்னு கேக்குறாங்க."

"சாப்பிட்டேம்மா" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ சிரித்தாய். மறுநாள் விடியுமுன் போய்விட்டாய்.

வேலை தேடுவதற்காகத்தான் அவள் என்னிடம் இங்கிலீஷ் படிக்க வருகிறாள் என்று நினைத்திருந்தேன். இன்று போனை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"யாரு இந்தப் புள்ளைனு கேட்டிருக்காங்க. அதானே டீச்சர்?"

"ஆமாம்மா."

அவள் கோபப்படவில்லை. "அப்ப, நான் சாப்பிட்டேன்னு சொன்னதும் சிரிச்சாங்களே. என்னைய யாருன்னு நெனச்சு சிரிச்சாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போனாள்.

டாக்டர் இங்கிலீஷில் பேசுவது விளங்காத தோட்டத்து ஆட்களுக்கு எடுத்துச் சொல்ல என்னை இப்போதும் வார்டுக்குக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். ஒரு சொல் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. ஆனாலும் கட்டிலில் கிடப்பவரும் பக்கத்தில் நிற்பவரும் என் வாயையே பார்ப்பார்கள். நான் எதைச் சொன்னாலும் அவர்களுக்கு அதுதான் உண்மை. அந்த ஒரு கணத்தில் என் நாக்கு சில்லிட்டுப்போகிறது.