திரட்டுப்பால் கிண்டிய கை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
1902 ஆகஸ்டு

கொழும்பிலிருக்கும் அருமை மகன் ஐயாதுரைக்கு அம்மா சொல்ல, உன் தங்கை கிருபாபாய் எழுதுவது. கர்த்தர் தயவால் நாங்கள் மூன்று பேரும், நம்ம ஆடும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டுமென்பதே இங்கே தினமும் ஜெபம். உங்கப்பா தூங்கின பிறகு சிம்னி விளக்கை வைத்து எழுதுகிறோம், எழுதுகிறவள் அவர் விழித்துவிடுவாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்து எழுதுகிறாள், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

படம் ஒன்றும் சரியாக வரவில்லை, காமிரா மூடியைத் திறக்கவே கை நடுங்குகிறது, ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாகப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். உங்கப்பா கேட்டுவிட்டு, போகட்டும் என்று சொல்லி இராஜபாளையத்துக்குக் கல்யாணப் படம் எடுக்கப் போய்விட்டார். உனக்குத் தெரியாததா, தலை அசையாதிருக்கப் பின்னால் நிறுத்துகிற இரும்புக் கவட்டையில் கழுத்தைச் சாய்த்து, தூக்குக்குப் போகிறவனைப் போல நிறுத்தினால்தான் உங்கப்பா அவியளுக்குப் படம். மூச்சு விடாதீங்க மாப்பிள்ளே என்று போட்ட அதட்டலில் கல்யாண மாப்பிள்ளை சுப்புராஜுக்கு விக்கல் வந்துவிட்டதாம்! அவர் இல்லாத அந்தப் பகலில் உன் தங்கை நீ விட்டுப்போன பழைய காமிராவில் அப்பாவின் புதுக் கண்ணாடிப் பிளேட்டைத் திருடிப் போட்டு, முற்றத்தில் திரட்டுப்பால் கிண்டிக்கொண்டிருந்த என்னைப் பிடித்தாள். அசையாதே என்றாள். ஏட்டி, உனக்காகப் பால் அடிப்பிடிக்காம நிக்குமா என்று நான் கிண்டிக்கொண்டே இருந்தேன். அவளே இருட்டறையில் கழுவி, வெயிலில் தாளில் ஏற்றிக் காட்டினாள். என் முகம் இருக்கிறது, வலது கையைக் காணோம்! கை இருந்த இடத்தில் வெறும் புகை. பின்னால் ஆடு மட்டும் அசைபோட மறந்து, ரோமம் ரோமமாக, ஜமீன்தார் மாதிரி நிற்கிறது. வயிறு வலிக்கச் சிரித்தேன். பொறவு மெல்லக் கிண்டு, வேகமாகக் கிண்டு என்று என்னை ஆட்டிவைத்து இன்னும் இரண்டு பிளேட்டைத் தீர்த்தாள். உங்கப்பா எடுத்த படத்தில் நான் செத்துப்போனவள் மாதிரி இருக்கிறேன், இதில் அடுப்பு வேலை பார்க்கிறேன். நீயும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கடற்கரைக்குப் போய் உன் இஷ்டத்துக்குப் படத்தைக் கெடுத்துப் பார் ராசா. அலை புகையாகட்டும், காக்காய்க்கு ரெண்டு தலை வரட்டும்.

அண்ணே, இனி நானாக எழுதுகிறேன், அம்மா படுத்துவிட்டாள். காலையில் அப்பா பிளேட்டுப் பெட்டியைத் திறப்பார். மூன்று குறையும். நீ ஒன்றை உடைத்ததற்கே எம்புட்டு அடி வாங்கினாய்! பள்ளிக்கூடத்துக்கு விடியுமுன் ஓடிவிடலாமா என்று பார்க்கிறேன்.

விடிந்து எழுதுகிறேன். ஓடவில்லை. அப்பா பெட்டியைத் திறந்தார், என்னைப் பார்த்தார். படத்தை நீட்டினேன். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, அடுப்பு இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு நகரணும் என்று சொல்லித் தன் பெரிய காமிராவையே முற்றத்துக்குத் தூக்கி வந்தார். ஓடாமல் இருக்க ஆட்டை இப்போது அந்த இரும்புக் கவட்டையில் கட்டியிருக்கிறது. அம்மா பால் கிண்டுகிறாள், அப்பா இன்னும் வேகமா, இன்னும் வேகமா என்கிறார். கடுதாசியைப் பிடுங்கி முழுக்க வாசித்தவர், உனக்கு எழுதச் சொன்னது இது: தோட்டத்துக்குப் போகவேண்டாம், கெட்டுப்போன படங்களைத் தூர எறியாமல் எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு, நான் பார்க்கணும்.

இனி அம்மா சொல்வது: கர்த்தர் உன் கைகளைக் காப்பாராக. எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறவாதே.

உன் அம்மா ஞானதீபம் கைக்கீறல்,
எழுதினவள் கிருபாபாய்