ஜெலுத்தோங் கடைக்கு ஒரு லாங் லேப்

ஆசை அண்ணே,

போன ஞாயிறு மோட்டார் பந்தயத்தில் உன் ஆள் மூன்றாவதாக வந்தான். பதினான்காவது இடத்தில் கிளம்பி, நடுவில் ஒரு லாங் லேப் தண்டனையும் வாங்கி, அப்படியும் மூன்றாவது. நீ இருந்திருந்தால் கெலுகோர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பாய். நான் சத்தத்தைக் குறைத்து வைத்து, என் வீட்டில் தனியாகப் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தை அச்சில் போடக் கொடுக்கிறேன். நம் வீட்டு விஷயம் ஊருக்கு எதற்கு என்று கேட்பாய். ஊர்தான் உன்னைப் பற்றித் தப்பாகப் பேசுகிறது, அண்ணே. அதற்குக் காரணம் நான். அதனால் எல்லோரும் படிக்கட்டும்.

மோட்டார் பந்தயம் பார்க்காதவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். பந்தயத்தில் தப்புச் செய்தவன், ஒரு வளைவில் மட்டும் மற்றவர்கள் போகும் வழியை விட்டு, வெளிப்பக்கமாகக் கோடு போட்ட நீளமான பாதையில் சுற்றி வரவேண்டும். சில விநாடிகள் போய்விடும். அதுதான் லாங் லேப். மூன்று சுற்றுக்குள் அதை முடிக்காவிட்டால் இன்னும் பெரிய தண்டனை காத்திருக்கும்.

உன் வீட்டிலும் நாம் ஒரு சட்டம் வைத்திருந்தோம். சிவப்பு விளக்கு அணைந்து பந்தயம் தொடங்கும்வரை யாரும் மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ஜம்ப் ஸ்டார்ட், முந்திக் கிளம்பிய குற்றம். தண்டனை, பிளாட்டுக்குக் கீழே இருக்கும் கடையை விட்டுவிட்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு தள்ளி இருக்கும் ஜெலுத்தோங் கடை வரை போய் தே தாரேக் டீ வாங்கி வருவது. சட்டம் போட்டது நான். அதிகம் மாட்டியது நீ. நாற்பத்திரண்டு வயதில், பொட்டலத்தின் ஓரத்தை மட்டும் கிழித்து ஒரு இறாலைத் திருடித் தின்பாய்.

அன்றைக்கும் இறால்தான். அண்ணிக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஓவர்டைம். வீட்டில் நாம் இரண்டு பேர்தான்.

"மழ வருது பாப்பா. கீழ் கடையிலயே வாங்கிட்டு வந்துர்றேன் லா."

"அதெல்லாம் முடியாது. லாங் லேப்னா லாங் லேப்."

"அப்பீல் பண்றேன்."

"தள்ளுபடி. கெளம்பு அண்ணே."

நீ ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

விழுகிற ஒவ்வொரு வீரனையும் பார்த்து நீ சொல்வாயே, "பின் சக்கரம் வழுக்குனா தெரியும், புடிச்சிரலாம். முன் சக்கரம் போச்சுன்னா ஒன்னும் பண்ண முடியாது" என்று. ஈரச் சாலையில் ஒரு லாரி திடீரென்று உன் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. நீ பிரேக் பிடித்திருக்கிறாய். முன் சக்கரம் போய்விட்டது. நீ வேகமாக வரவில்லை என்று பார்த்தவர்களே போலீசிடம் சொன்னார்கள். யார் காதில் வாங்கினார்கள்? துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம், "ரேஸ் பாத்துட்டு அதே மாதிரி முறுக்கியிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அண்ணியும் அதையே நம்பினார். "டீ கீழயே கெடைக்குதுல? இவருக்கு ஜெலுத்தோங்ல என்னா வேல? மோட்டார எடுத்துக்கிட்டு ஊர் சுத்தப் போயிருக்காரு." அவர் அழுதுகொண்டே உன்னைத் திட்டும்போதெல்லாம் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஒன்பது மாதம், அண்ணே. போய்ச் சேர்ந்த உன் தலையில் பழியைப் போட்டுவிட்டு, நான் நல்லவளாக அவருக்குக் கண்ணீர் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

போன ஞாயிறு பந்தயம் முடிந்ததும் அண்ணியைப் பார்க்கப் போனேன். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று உன் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். உன் மழைக்கோட்டை எடுத்து உதறி, "இதக்கூட எடுத்துக்கிட்டுப் போகல பாரு. அவ்ளோ அவசரம் அவருக்கு" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணன் ஊர் சுத்தப் போகல அண்ணி. மழ வருதுன்னு கெஞ்சுனாரு. நான்தான் கேக்கல. நான்தான் அனுப்புனேன்."

இறால், சட்டம், அப்பீல் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மழைக்கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சிரிச்சிக்கிட்டுப் போனாரா, கோவிச்சிக்கிட்டுப் போனாரா?"

சிரித்துக்கொண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்குத் தெரியாதே, அண்ணே. பந்தயத்தின் சிவப்பு விளக்கு அணையப்போகும் நேரம். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீ வாசலைத் தாண்டும்போது உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அதையும் அப்படியே சொன்னேன்.

அண்ணி அந்த மழைக்கோட்டை மட்டும் திரும்ப அலமாரிக்குள் வைத்தார். "நீ வீட்டுக்குப் போ" என்றார். இன்றுவரை என் போனை எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்க அவருக்கு உரிமை இருக்கிறது.

நீ சிரித்துக்கொண்டுதான் போனாயா? இல்லை, படியில் இறங்கும்போது என்மேல் கொஞ்சமாவது எரிச்சல் வந்ததா?

உன் வருஷத் திதிக்கு சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். இலை போடுவதற்கு முன்னால் நான் எழுந்து நின்று சொல்வேன்: என் அண்ணன் வேகமாகப் போகவில்லை, கீழ்க் கடையிலேயே வாங்கி வரத்தான் கேட்டார், போகச் சொன்னது நான் என்று. அண்ணி என்னை உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றாவது சொல்வேன்.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்காமல் உன்னை அனுப்பிவிட்ட தங்கச்சி,
பாப்பா